எண்கோணச் சாமியாரும் எழுந்து போன சம்பந்தியும்

"வெற்றி வீரனின் கையில் இல்லை, அவனை நேசிப்பவர்கள் உட்காரும் விதத்தில் இருக்கிறது."

மனித குலம் ஆதிநாள் முதல் தேடியலைந்த இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் எண்கோணச் சாமியார். கண்டுபிடித்த இடம், உலக்கை ரசிகர் மன்றத்து மாடி. கண்டுபிடித்த கையோடு நாற்காலிகளுக்குக் காணிக்கை விதித்துவிட்டார்.

உலக்கை என்பது கூண்டுச் சண்டை வீரன் ஒருவனின் பட்டப்பெயர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். கடிக்க மட்டும் கூடாது என்கிற அளவுக்கு நாகரிகமான விளையாட்டு அது. எட்டுப் பக்கமும் கம்பிவலை அடித்த கூண்டுக்குள் நடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் கடந்த ஏதோ ஒரு நகரத்தில், 'கல்லறை' என்று பெயர் வாங்கிய சாம்பியனோடு உலக்கை உலகப் பட்டத்துக்கு மோதப் போகிறான். ஊருக்கு வேறு பேச்சே இல்லை. பல் டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மொதல் சுத்துலயே முடிச்சிடுவான் பாருங்க, வாயத் திறங்க" என்றார். அது உலக்கையைப் பற்றியா பல்லைப் பற்றியா என்று தெரியாமலே நோயாளி வாயைத் திறந்தார்.

எண்கோணச் சாமியார் முன்பு கால்பந்துக்குச் சாமியாராக இருந்தவர். பதினொரு பேருடைய கிரகங்களையும் ஒருவராகக் கட்டி மேய்க்க முடியாமல் ஒற்றை ஆள் விளையாட்டுக்கு மாறிக்கொண்டார். "திசை எட்டு. கூண்டுக்குப் பக்கம் எட்டு. ஆகவே பிரபஞ்சமே ஒரு கூண்டு!" என்று அவர் முதல் நாள் முழங்கியபோது மன்றத் தலைவர் கண் கலங்கிவிட்டார். அதற்கு முன்னால் பிரபஞ்சத்தைப் பற்றி அவரிடம் யாரும் மரியாதையாகப் பேசியதில்லை.

ஒவ்வொரு ரசிகருக்கும் சாமியார் ஓர் ஆசனம் வகுத்தார். சண்டை முடியும்வரை கலைக்கக் கூடாது. தையல்காரர் வலது காதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது உலக்கையின் தாடைக்குக் காப்பு. தபால் அலுவலக எழுத்தர் வாயைப் பிளந்தபடி இருக்க வேண்டும். அது உலக்கைக்கு மூச்சு. தாராளமாகக் கொடுத்தவருக்கு மெத்தை நாற்காலி கிடைத்தது. கையை இழுத்துப் பிடித்தவர் ஒற்றைக்காலில் நின்றார். பிரபஞ்சமும் முகம் பார்த்துத்தான் பழகுகிறது.

சாமியாரை நம்பாமல் இருக்க முடியுமா? சண்டை ஓடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இடது உதை வருகிறது!" என்பார். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சியில் அப்படியே இடது உதை வரும். வராமலிருந்ததே இல்லை.

இந்த அற்புதத்தில் அடிபட்டுப் போன ஜீவன் ஒன்று உண்டு. அவர் சலவைக் கடைக்காரர். போன சண்டையில், பாதியில், பொறுக்க முடியாமல் எழுந்து கழிப்பறைக் கதவில் கை வைத்தார். "எழுந்தவன் எவன்? இதோ விழப் போகிறான் உலக்கை!" என்று சாமியார் கர்ஜித்தார். மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் கதவைப் பிடித்தபடி நின்றார். சற்று நேரத்தில் திரையில் உலக்கை அடியற்ற மரமாகச் சாய்ந்தான்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் ஒரே பெயர்: 'ஒண்ணுக்குப் போய் உலக்கையைக் கவுத்தவர்.' வாடிக்கைக்காரர்கள் துவைக்கப் போட்ட துணியை ஈரத்தோடு வாங்கிப் போனார்கள். அதையெல்லாம்கூட அவர் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் போனது வேறு. அவர் மகளுக்கும் மன்றத் தலைவரின் மகனுக்கும் பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள். தலைவர் கடைக்கே வந்து, இஸ்திரி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் சம்பந்தின்னுதான் கூப்பிடுறேன், கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"சாமி ஒரு வழி சொல்லியிருக்காரு. பட்டச் சண்டை அன்னைக்கு நீங்க முக்காலியில உக்காரணும். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. உலக்கை ஜெயிச்சா தோஷம் போச்சு, மறுநாளே பரிசம். நீங்க எழுந்தீங்கன்னா..."

"எழுந்தா?"

"கல்யாணமும் எழுந்து போயிடும்."

தலைவர் போனதும் மகள் துணி அலசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதையெல்லாம் அவங்க பையன்கிட்ட கேட்டாங்களாப்பா?"

"மாப்பிள்ளை என்ன சொல்வாரு பாவம். அவருக்கு மூக்கைப் புடிச்சுக்கிற ஆசனம். பேச்சே வராது."

"நல்ல பையன்தான். மூக்கை விட்டா இன்னும் நல்லா இருப்பான்."

சலவைக் கடைக்காரருக்கு ஒரு வழக்கம். எந்தத் துணி வந்தாலும் பையைத் துழாவிப் பார்க்காமல் தண்ணீரில் போடமாட்டார். அந்த வாரம் சாமியாரின் அங்கி வெளுக்க வந்தது. பையில் கை விட்டார். காதில் செருகிக்கொள்ளும் சின்னஞ்சிறு குமிழ்கள் இரண்டு வந்தன. அவர் முகம் இரக்கத்தில் இளகிவிட்டது.

"சாமிக்குக் காது மந்தம் போலிருக்கும்மா. யாருகிட்டயும் சொல்லிடாத, மனசு சங்கடப்படும்." குமிழ்களைக் காகிதத்தில் பொதிந்து, மடித்த அங்கிக்குள் பத்திரமாக வைத்தார்.

மகள் காகிதப் பொதியை ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினாள். கடை வாசலில், காத்திருப்பவர்களுக்காக ஒரு தொலைக்காட்சி உண்டு. இஸ்திரி மேசையில் ஒரு ரேடியோ உண்டு. சனிக்கிழமை வேறு யாரோ இருவரின் சண்டை இரண்டிலும் ஓடியது. ரேடியோக்காரர் "விழுந்தார், விழுந்தார்!" என்று கத்தினார். வாசலில் திரைக்குள் அந்த ஆள் இன்னும் நின்று முறைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ரேடியோ முந்திக்குது பாருங்க."

"பழைய ரேடியோம்மா. அவசரப்படும்."

"டிவிப் படம் வானத்துக்கெல்லாம் போய்ச் சுத்திட்டு வருது, அதான் லேட்டு. சரி, சாமியார் சொல்லி எவ்வளவு நேரம் கழிச்சு டிவியில வரும்?"

அவர் யோசித்தார். "ஒரு சட்டை காலர் தேய்க்கிற நேரம்."

"இப்ப ஒரு காலர் தேய்ங்க."

ரேடியோவில் ஒரு குத்து விழுந்தது. அவர் காலரைத் தேய்த்து முடித்தார். திரையில் அதே குத்து விழுந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வெகுநேரம் நின்றார். பிறகு ரேடியோவைக் கும்பிட்டுச் சொன்னார்.

"சாமியோட சக்தி நம்ம ரேடியோவுக்கும் வந்துடுச்சும்மா!"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்து மாடி நிரம்பி வழிந்தது. காதைப் பிடித்தவர், வாயைப் பிளந்தவர், ஒற்றைக்காலில் நின்றவர் என்று பார்ப்பதற்கு எலும்பு முறிவு ஆஸ்பத்திரி போலிருந்தது. எண்கோணச் சாமியார் ஜடாமுடி காது வரை இறங்க, தமக்கென்று செய்த சின்னக் கூண்டுக்குள் அமர்ந்தார். சலவைக் கடைக்காரர் முக்காலியில் கால்களை இறுக்கிப் பின்னிக்கொண்டார். முந்தின நாளிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அடிவயிறு அவரிடம் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டது.

மணி அடித்தது. "வலக்கைக் குத்து வருகிறது!" என்றார் சாமியார். வந்தது. "கல்லறை பின்வாங்குவான்!" வாங்கினான். மாடி ஆசனம் கலையாமல் ஆனந்தப்பட்டது. எழுத்தர் பிளந்த வாயோடு "ஆ, ஆ" என்று ஆர்ப்பரித்தார்.

சலவைக் கடைக்காரர் மகளின் நிச்சயத்தை நினைத்தார், பிடித்துக்கொண்டார். மகளின் கல்யாணத்தை நினைத்தார், பிடித்துக்கொண்டார். பேரன் பேத்தி வரை நினைத்துப் பார்த்தும் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது.

மகள் கடையிலிருந்து இஸ்திரி மேசை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்; ஜன்னலோரம் வைத்து ஒலிக் குமிழை முழுக்கத் திருகினாள்.

"உலக்கை இடது காலைத் தூக்குகிறார்!" என்றது ரேடியோ.

"இடது கால் எழும்பப் போகிறது!" என்றார் சாமியார், கண்ணை மூடியபடி.

"கல்லறை தடுமாறுகிறார்!" என்றது ரேடியோ.

"கல்லறை தடுமாறுவான்!" என்றார் சாமியார்.

திரையில் இருவரும் இன்னும் ஒருவரையொருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் காதை விடாமல் ரேடியோவைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார், மறுபடி ரேடியோவைப் பார்த்தார்.

"யாரது, அந்தச் சனியனை அணைங்க!" என்று தலைவர் சீறினார்.

"எதை அணைக்கணும் மாமா? ரெண்டும் ஒரே நிலையம்தான்" என்றாள் மகள்.

சுற்று முடிந்தது. ரேடியோக்காரர் அதே மூச்சில், அதே ஆவேசத்தில், "இந்தச் சுற்றை உங்களுக்கு வழங்கியவர்கள், மூட்டு வலிக்குச் சிறந்த..." என்றார். இரு காதிலும் குமிழ் அடைத்திருந்ததால் மாடி நிசப்தமானது சாமியாருக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே வந்த வேகத்தில் வாய் நிற்கவும் இல்லை.

"இந்தச் சுற்றை உங்களுக்கு வழங்கியவர்கள், மூட்டு வலிக்குச் சிறந்த..."

அத்தோடு சாமியார் கண்ணைத் திறந்தார். மாப்பிள்ளைப் பையன் மூக்கை விட்டான். முதலில் சிரித்தவன் அவன்தான். எழுந்து போய்க் கூண்டுக்குள் கையை விட்டு, காதுக் குமிழை இழுத்தான். அதோடு ஜடாமுடியும் சேர்ந்து வந்தது.

"அன்னைக்கு உலக்கை விழுந்ததை இவர் காதுக்குள்ள ரேடியோவுல முன்னாடியே கேட்டுட்டார். பழியைப் போட ஓர் ஆள் வேணும். அந்த நேரம் பார்த்து எங்கப்பா எழுந்தார்" என்றாள் மகள். "அவ்வளவுதான் மாமா உங்க தோஷம்."

மாடி மொத்தமும் எழுந்தது. தலைவர் மொட்டைத் தலைச் சாமியாரைக் கூண்டோடு குலுக்கினார். ஒற்றைக்காலில் நின்றவர் மரத்துப்போன காலால் உதைக்கப் பார்த்து, தானே விழுந்தார். அடுத்த சுற்று தொடங்கியதைக்கூட யாரும் கவனிக்காத இந்தக் கலவரத்தில் ஒரு மெலிந்த குரல் கேட்டது.

"சம்பந்தி... அப்ப நான் போகலாமா?"

பதிலுக்குக் காத்திருக்கும் கட்டத்தை அவர் தாண்டியிருந்தார். ஓடினார். கதவு சாத்தும் சத்தமும், "உலக்கை வென்றார்! உலக்கை உலகச் சாம்பியன்!" என்று ரேடியோ அலறியதும் ஒன்றாகக் கேட்டன. ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஓர் ஆசனம்கூட மிச்சமில்லை. காலர் தேய்க்கிற நேரம் கழித்து, காலி நாற்காலிகளின் முன்னால், திரையில் கல்லறை சாய்ந்தான்.

"எழுந்தால்தான் வெற்றி என்று அடுத்துச் சொல்வதாக இருந்தேன்" என்றார் சாமியார், கூண்டுக்குள்ளிருந்து.

அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைவர் முகத்தில் ஒரு தெய்விக ஒளி படர ஆரம்பித்திருந்தது.

"கவனிச்சீங்களா? சம்பந்தி உள்ள போனாரு, உலக்கை ஜெயிச்சான்!"

கூட்டம் கழிப்பறை வாசலுக்குத் திரண்டது. கைகூப்பி நின்றது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்த சலவைக் கடைக்காரர் திகைத்துப் போனார்.

"சம்பந்தி, நாளைக்கே பரிசம்!" என்று தலைவர் அவர் கையைப் பற்றினார். "ஆனா ஒண்ணு. அடுத்த சண்டைக்கும் நீங்கதான் போகணும். நாங்க சொல்ற நேரத்துக்கு."

மகள் ரேடியோவை அணைத்தாள்.

"உக்கார்ற இடத்தைப் பத்தி இவ்வளவு நாள் ஆராய்ச்சி பண்ணிட்டீங்க மாமா. கொஞ்சம் மேல, கழுத்துக்கு மேல, ஒண்ணு சும்மா கிடக்குது. அதையும் ஒருநாள் எடுத்துப் பாருங்க. எங்கப்பா ஏன் இப்படி அடிக்கடி எழுந்து ஓடுறாருன்னு இத்தனை பேருல ஒருத்தராவது யோசிச்சீங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை. சலவைக் கடைக்காரரும் யோசித்ததில்லை.

மறுநாள் பரிசத்துக்கு முன்னால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி.