இரண்டு தடவை செத்த வேதாசலம்

கம்ப்யூட்டர் ‘நிச்சயமாகத்தானா?’ என்று கேட்கும்போது நின்று யோசித்துப் பதில் சொல்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. கேள்வி முடிவதற்குள் ‘ஆம்’ மேல் விரலை வைத்துவிடுவேன். அந்த விரலால்தான் கூடப்பிறந்த தம்பியின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

அப்போது மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே போல்ட்டுக்கு இரண்டு நம்பர் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி ஒரே நம்பர் ஒட்டினால்தான் நிம்மதி. (வீட்டில் மூன்று பாட்டில் தேங்காயெண்ணெயை ஒன்றாக ஊற்றி வைத்தேன். மூன்றில் ஒன்று விளக்கெண்ணெய் என்று பிறகுதான் தெரிந்தது. அது தனிக் கதை.)

தம்பி தினகரனும் ரேவதியும் கம்பெனி பஸ்ஸில் பழகியவர்கள். அவளுக்கு ஊர் சதுரங்கப்பட்டினம். அவள் அப்பா தலையாட்ட மூன்று வருஷம் ஆனது. ஆட்டும்போதும் ‘ஏதாவது ஒரு குறை அகப்படாதா’ என்று தேடிக்கொண்டேதான் ஆட்டினார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. ஊரில் எல்லாரும் ஜோடி போட்டோ போட்டுத்தான் பேனர் அடிப்பார்கள். நான் படித்தவள் இல்லையா? இரண்டு குடும்பத்து வம்சாவளியையும் சேர்த்துப் பேனராக அடிக்கப் போவதாக அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இதற்கென்றே இருக்கிற வம்சாவளி மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினேன். பெரியப்பாவின் நோட்டு, பழைய பத்திரங்களின் ஜெராக்ஸ், ரேவதி வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியல், சொந்தக்காரர்கள் போனில் சொன்னது எல்லாவற்றையும் ஒரு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். பேர், அப்பா பேர், பிறப்பு, இறப்பு என்று கனகச்சிதம். கடைசியில் மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டியது. ‘இவர்கள் ஒரே ஆளாக இருக்கலாம்.’ முதல் வரியில் இரண்டு வேதாசலம். இருவருக்கும் அப்பா முனுசாமி, இருவருக்கும் பிறந்த ஊர் திருக்கழுக்குன்றம்.

எங்கள் பக்கத்தில் அந்த மலைமேல் இருக்கிற சாமியின் பேரை வைக்காத வீடே கிடையாது. தெருவில் நின்று ‘வேதாசலம்’ என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்புவார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குள் இருந்த ஸ்டோர்ஸ்காரிக்குத் தெரியவில்லை. ‘எல்லாவற்றையும் இணைக்கவா?’ ஆம். ‘நிச்சயமாகத்தானா?’ ஆம். அதன் பிறகு சிவப்பில் ஆச்சரியக்குறி போட்டு என்னவோ கேட்டது. அதற்கும் ஆம்தான்.

அதில் ஒரு வேதாசலம் எங்கள் கொள்ளுத்தாத்தா. இன்னொருவர் ரேவதியின் கொள்ளுத்தாத்தா.

பன்னிரண்டு அடி பேனர் அச்சாகி வந்ததும் நான் சரிபார்த்தது இரண்டே விஷயம்: ஓரத்து மயில் பார்டர், கீழே ‘தொகுப்பு’ என்று போட்டு என் பேர்.

நிச்சயதார்த்தத்தன்று பேனர் மண்டபத்தில் தொங்கியது. தட்டு மாற்ற இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பெரியப்பா பேனரை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று விரல் நின்றது.

“இன்னாம்மா இது? நம்ப தினா இங்க கீறான். அந்தப் பொண்ணு இங்க கீது. ரெண்டும் மேல போயி ஒரே வேதாசலத்தாண்ட நிக்குது?”

“ஆமா பெரிப்பா, எல்லாத்தையும் கரெக்டா சேத்துகீறேன்” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

“அடிப்பாவி, அப்ப பங்காளி வூடுடி இது! அண்ணன் தங்கச்சி முறை ஆவுது!”

பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. நினைத்தாலே பாவம். மண்டபத்தில் மைக் நின்றது. ரேவதியின் அப்பா கையில் எடுத்த தட்டைக் கீழே வைத்தார். மூன்று வருஷமாகத் தேடிய குறை அவருக்குக் கலரில், பன்னிரண்டு அடியில் கிடைத்துவிட்டது.

“நான் அப்பவே பாத்தேன், ரெண்டுத்துக்கும் ஒரே மூக்கு” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “காதும் அப்பிடியேதான் கீது” என்றது இன்னொன்று. (அஞ்சு நிமிஷம் முன்னால் ‘இன்னா ஒரு ஜோடிப் பொருத்தம்!’ என்று உருகிய அதே வாய்கள்.)

தினகரன் என்னைத் திட்டவில்லை. “இன்னாக்கா பண்ணி வச்ச?” என்று மட்டும் கேட்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. இதை மட்டும் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ரேவதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். “அண்ணி, லேப்டாப்ப எடுங்க.” வேதாசலம் பேரைத் தட்டினாள். அவருடைய முழு விவரமும் விரிந்தது. அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

“நைனா, இங்க வா. இந்த ஆளுக்கு ரெண்டு பொண்டாட்டி, பதினாலு புள்ளைங்க.”

“அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்மா” என்றார் அவள் அப்பா, விட மனசில்லாமல்.

“சரி. ரெண்டு தபா செத்துகீறாரே, அதுவும் சகஜமா? மொத தபா செத்து பதினோரு வருஷம் கழிச்சு மூணு புள்ள பொறந்துகீது. அதுல கடைசிப் புள்ளதான் உன் அப்பா. இந்த பேனர் நெசம்னா, எங்க தாத்தா யாருக்குப் பொறந்தாரு?”

மனுஷர் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்தது.

“இன்னா பேச்சு பேசுற! எங்க தாத்தா உப்பளத்துல மேஸ்திரி. அவங்க தாத்தா மாட்டு வண்டி ஓட்டுனவரு. ரெண்டும் வேற வேற ஆளு! டேய், அந்தக் கண்றாவிய மொதல்ல கய்ட்டுங்கடா!” என்று கத்தியபடியே தட்டை எடுத்துப் பெரியப்பாவின் கையில் திணித்தார். மூன்று வருஷம் இழுத்த மனுஷர் மூன்று நொடியில் நிச்சயம் பண்ணிவிட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், ரேவதி உள்ளே பார்த்து, “அண்ணே, உங்க அக்கா வந்துட்டாங்க” என்று புருஷனைக் கூப்பிடுகிறாள். அவனும் “சரி தங்கச்சி” என்கிறான். நான் காபியை ஊதி ஊதிக் குடிப்பேன்.

போன மாதம் அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில் ‘என் குடும்பம்’ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒண்ணாம் வகுப்புக் குழந்தை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறது: ‘என் அப்பா என் அம்மாவுக்கு அண்ணன்.’ டீச்சர் பதறிப்போய் போன் செய்தார். போய் விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

போனேன். வேதாசலம், மென்பொருள், பேனர் என்று முதலிலிருந்து அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரிங்க மேடம். இப்ப நீங்க குழந்தைக்கு அத்தையா, பெரியம்மாவா?”