லிஃப்ட் ரிப்பேர் அண்ணாத்தே

அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி எத்தனையோ அடுக்குமாடிகள் முளைத்திருக்கின்றன. அவற்றில் அதிகமாக ரிப்பேரான லிஃப்ட் எங்களுடையதுதான். அந்த ரிப்பேருக்குக் காரணமான மனிதரைவிடக் கெட்டிக்கார வைத்தியரை அம்பத்தூர் முதல் ஆவடி வரை நான் பார்த்ததில்லை.

அவர் எங்கள் வாட்ச்மேன். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கூப்பிட்டது ரிப்பேர் அண்ணாத்தே. ஒரு ஷூ டப்பா மூடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘லிஃப்ட் ரிப்பேர்’ என்று எழுதி, சணல் கட்டி, லிஃப்ட் கதவில் மாட்டுவார். அவர் கையால் ரிப்பேர் செய்த பொருள் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றே வேலை பார்த்தவர். ரிட்டையராகி எங்கள் கேட்டுக்கு வந்ததும், பாவமே என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தோம். ஆறே மாதத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலி மேல் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, பங்காளிச் சண்டையில்கூட அப்படிப் பார்க்க முடியாது. மறுநாளே தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பின்பக்க மோட்டார் ரூமில் வைத்தார். டிபன் டப்பா காம்பவுண்டின் ஒரு கோடியில், வெற்றிலை இன்னொரு கோடியில். துண்டு மொட்டைமாடிக் கொடியில். தாகமோ பசியோ வியர்வையோ, எது வந்தாலும் எழுந்து நடந்தாக வேண்டும். யாராவது கேட்டால், “பக்கத்துல வெச்சிகினா எவன் எந்திரிப்பான்?” என்பார்.

இனி என் கதை. என் உத்தியோகம் உட்காருவது. காரில் உட்கார்ந்து ஆபீஸ் போய், அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்து, களைத்துப்போய் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருவேன். உட்கார்ந்த களைப்பு தீர இரவு படுத்துக்கொள்வேன். இப்படி உழைத்ததில் ஒருநாள் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். “மூணு மாசம் டைம் தர்றேன். நடங்க, படி ஏறுங்க, சேர்ந்தாப்ல ஒரு மணி நேரம் உட்காராதீங்க. அப்பவும் குறையலைன்னா மாத்திரைதான்.”

எங்கள் அப்பா சோற்றுக்கு முன் நாலு, பின் மூன்று என்று மாத்திரை விழுங்கிய காட்சி கண்முன் வந்தது. பயந்துபோய் அன்றைக்கே ஒன்பதாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்தேன். கேட்டில் அண்ணாத்தே.

“எங்க சார், ஷூல்லாம் மாட்டிகினு?”

“ஏரிக்கரைக்கு. வாக்கிங்.”

“வண்டில போயா?”

“ஏரி தூரமாச்சே அண்ணாத்தே.”

“நடக்கறதுக்கு வண்டில போறே. இங்கேர்ந்து நடந்தே போனா அது நடந்ததுல சேராதா? இன்னா சார் கணக்கு இது!”

நான் வண்டியிலேயே போனேன். ஏரிக்கரையில் இருபது நிமிடம் நடந்துவிட்டு, அந்த வீரத்துக்குப் பரிசாக இரண்டு பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பினேன். பிறகு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நடந்தாயிற்றே!

அந்த வாரம்தான் லிஃப்ட் முதல் தடவையாக ரிப்பேரானது. என் வீடு நாலாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் நுரையீரல் வேலைநிறுத்தம் செய்தது. கௌரவத்தைக் காப்பாற்ற மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து குரல் வந்தது.

“இன்னா சார், பெட்ரோல் தீந்துட்ச்சா?”

“முக்கியமான கால் பேசிட்டிருக்கேன்!”

“போனைத் தலகீழா புடிச்சிகினு கீறியே சார்!”

அதற்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள் ரிப்பேர். கம்பெனி மெக்கானிக் இரண்டு முறை வந்தார், தட்டினார், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிப் போனார். அவர் தலை மறைந்ததும் மறுபடி அட்டை தொங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்தேன். பிறகு பொங்கியெழுந்து அசோசியேஷனுக்குப் புகார் எழுதினேன். லிஃப்ட் விஷயத்தில் வாட்ச்மேனுக்கு அக்கறையே இல்லை என்று கடைசி வரியில் காரமாக ஒரு குத்து. கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் ஆள் இல்லை, ஒரு வீட்டில் பேனா எழுதவில்லை. மூன்று நாள், மூன்று சுற்று. கீழே வந்தபோது அண்ணாத்தே தன் பேனாவை நீட்டினார்.

“இந்தா சார், இது நல்லா எழுதும். இன்னிக்கு நல்லா ஏறி எறங்கினே, சந்தோசம்.”

அந்தப் பேனாவில்தான் கடைசி நாலு கையெழுத்தும் வாங்கினேன். கடைசி வீடு இரண்டாவது மாடி பாத்திமாம்மா. பூந்தமல்லியிலிருந்து வந்தவர், முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர். என் கடிதத்தை வாசித்துவிட்டு முழித்தார்.

“லிஃப்ட் ரிப்பேரா? எனக்கு ஒரு நாளும் நின்னதில்லையே தம்பி. நான் வந்தா வாட்ச்மேனே கதவைத் தொறந்து வுடுவாரே.”

ஆனாலும் எனக்காகக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை என் மகளிடம் கொடுத்து அசோசியேஷன் செயலாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் வரும்போது லிஃப்ட் ஓடியது. மூணாவது மாடி கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஓடியது. கேட்டில் என் கார் ஹாரன் கேட்டதும் அதற்கு உயிர் போனது. ஓடிப்போய் அட்டையைப் பிடுங்கித் திருப்பினேன். பின்பக்கத்தில் ‘சைஸ் 9’. என் ஷூ டப்பா!

“நீதானா நிறுத்தறே?”

“மீட்டர் ரூம்ல சுச்சு கீது சார்,” என்றார், ரொம்ப சாதாரணமாக. “உங்கூட்டம்மா வெண்டிக்கா வாங்க வந்தப்போ ஒன் ஷுகரு மேட்டரைச் சொல்லிச்சு. எந்தம்பியும் இதே மாரி சொணங்கிகினு கெடந்தான். ஷுகருல கால் வெரலு ரெண்டு பூட்ச்சி. அவுனுக்கு லிஃப்ட்ட நிறுத்த ஆளு இல்ல.”

கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று மகளைத் தேடி ஓடினேன். அதற்குள் அது செயலாளர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. “மாத்திரை இப்ப வேணாம். அப்படி என்ன பண்ணீங்க?” என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். “லிஃப்ட் ரிப்பேர் டாக்டர்,” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். செயலாளர் என் கடிதத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அவர் முதல் மாடிக்கே லிஃப்டில் போகிறவர்; கோபம் இருக்காதா? நான் எழுந்து, “புகாரை வாபஸ் வாங்கறேன். அது ஏதோ வோல்டேஜ் பிரச்சனை...” என்று ஆரம்பித்தேன்.

“வோல்டேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்,” என்றார் பின்னால் நின்ற அண்ணாத்தே. “நான்தான் நிறுத்தனேன்.”

பொய் சொல்லக்கூடத் துணைக்கு வராத மனிதர். ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினேன். “உங்க சுகருக்கு நாங்க ஏன் சார் படி ஏறணும்?” என்றார் செயலாளர். நியாயமான கேள்விதான். நான் வாங்கிய கையெழுத்துகள் பதினொன்றும் வரிசையாக என்னைப் பார்த்தன. அந்த மாதக் கடைசியோடு அண்ணாத்தேயை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது திருவேற்காட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அத வுடு சார். இங்க லிஃப்ட்டே இல்ல, எனுக்கு ஒரு வேலையும் இல்ல,” என்று அலுத்துக்கொண்டார். “ஷுகரு எவ்ளோ கீது?”

எங்கள் லிஃப்ட் இப்போது ஒரு நாளும் நிற்பதில்லை. அட்டை என்னிடம் இருக்கிறது. வாசற்கதவின் உட்பக்கம், சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் படியில் இறங்குகிறேன், படியிலேயே ஏறுகிறேன். மூச்சு வாங்குவதில்லை.

ஆனாலும் இரண்டாவது மாடித் திருப்பம் வந்தால் மொபைலைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். கீழேயிருந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. பிறகு ஏறிவிடுவேன்.