தாத்தா வண்டிக்கு நான் போட்ட கோட்டிங்

பெண் கேட்டுப் போகும் வீட்டில் ஆண்களுடைய புத்தியில் பாதி செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும். என்னுடையது வாசல் வரைக்கும்கூட வரவில்லை. வழியில் வில்லியனூரிலேயே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் அம்மாவை நான் கட்டிக்கொண்ட கதையை ஆளாளுக்கு ஒரு விதமாக உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் சேதராப்பட்டில், பைக் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். இது பெயிண்ட் மாதிரி தண்ணியாக இருக்காது. மாவு மாதிரி நைசான பொடி. இரும்பைக் கொக்கியில் தொங்கவிட்டு, கரண்ட் ஏற்றிய துப்பாக்கியால் பொடியை அடித்தால் அப்படியே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிய அடுப்புக்குள் தள்ளினால் உருகித் தோல் மாதிரி படியும். தலைமுடி கனம்தான் இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் மழை வெயில் தாங்கும். இதில் என் வேலை, கொக்கியில் மாட்டுவது. (பெண் பார்க்கப் போனபோது "கோட்டிங் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தேன். மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன்.)

கரிக்கலாம்பாக்கத்தில் உங்கள் தாத்தா, பெண் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆவணியும் போய்விட்டது. அவருடைய அக்கா, கம்பெனி வேலைக்காரன் வேண்டாம், வேறு இடம் பார் என்று தினமும் ஓதிக்கொண்டிருப்பதாகத் தரகர் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த நேரத்தில் தாத்தாவே போன் செய்தார். கரும்புக்கட்டும் யூரியா மூட்டையும் ஏற்றி ஏற்றி அவர் பைக்கின் சேசிஸ், அதாவது வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டம், துருப்பிடித்துவிட்டதாம். ஆயுத பூஜைக்குள் சரி செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டேன்.

மூலக்குளத்தில் ஒரு மெக்கானிக் வண்டியைப் பிரித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொள்ள முதலாளி அனுமதி தந்தார். துப்பாக்கி பிடிக்கும் குமார் அண்ணன், போல்ட் ஏறும் ஓட்டைகளில் எல்லாம் ரப்பர் மூடி போட்டு, ஒரு கோட்டிங் அடித்து, அடுப்பில் வைத்து எடுத்து, போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நல்ல மனிதர் சாப்பிடாமலேயே இருந்திருக்கலாம்.

எனக்குள் ஒரு யோசனை ஓடியது. வீட்டுச் சுவருக்கே இரண்டு கை அடிக்கிறோம். மாமனார் வண்டிக்கு ஒன்றா? இரண்டாவது கோட்டிங் அடித்தேன். மனசு கேட்கவில்லை, மூன்றாவதும் அடித்தேன். போதாக்குறைக்கு, ஓட்டைக்குள் துருப்பிடித்தால் என்ன செய்வது என்று ரப்பர் மூடிகளையும் பிடுங்கிவிட்டு உள்ளேயும் அடித்தேன். அடுப்பில் வைத்து எடுத்தபோது மேல்பக்கம் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. டிசைன் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, இட்லி மாவ ஊத்தி வெச்சினு வந்துருக்க. போல்ட்டு எங்க போவும்?" என்றார். திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஓட்டையாக மரையைச் சுத்தம் செய்து மாட்டினார். பேட்டரி ஒயர் சேசிஸில் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்ட வேண்டும் என்று உப்புத்தாளை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் வண்டியில் கீறலா?

"சுரண்டலன்னா கரண்டு பாயாதுடா. வண்டிய நீ தூக்கினுதான் போவணும்."

அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். மினி லாரியில். ஓட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. முதல் ஸ்டார்ட் ஆயுத பூஜை அன்று எலுமிச்சம்பழத்தின் மேல்தான் என்பது என் ஏற்பாடு.

பூஜை அன்று வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்க, தாத்தா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். லைட் எரியவில்லை. ஹாரன் கத்தவில்லை. கிக்கரை உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. சரி, தள்ளியாவது பழத்தை நசுக்குவோம் என்று சைடு ஸ்டாண்டை மடக்கினால், மூட்டுக்குள் கோட்டிங் இறுகிப்போய் அது மடங்கவில்லை. ஓங்கி ஒரு உதை விட்டார். ஸ்டாண்டு மடங்கியது. கூடவே, சேசிஸிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை உடைந்து கீழே விழுந்தது.

உங்கள் மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். பக்கத்தில் நகத்தை வைத்து நெம்பினான். இன்னொன்று வந்தது.

"அவிச்ச முட்ட மாதிரி உரியுதுப்பா" என்றான்.

கனமாகப் போட்டால் உறுதி என்று நினைத்தேன். கனமானால் அது இரும்போடு வளையாது, வெடித்துக் கழன்றுவிடும் என்பதை ஊரே கூடி நிற்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒயரைக் கழற்றிச் சுரண்டலாம் என்றால் ஸ்பேனர், அருவாள், கத்தி எல்லாம் பொட்டு வைத்துச் சாமி முன்னால் இருந்தன. மறுநாள் காலை வரை தொடக்கூடாது. தாத்தாவின் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வண்டிய ஒயுங்கா குடுக்கத் தெரியல. இவன நம்பிப் பொண்ணக் குடுக்கப் போறியா?" என்று தம்பியைக் கேட்டார். தாத்தா உள்ளே போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். கிளம்பவும் கால் வரவில்லை. வண்டியை அப்படியே விட்டுப் போக மனசில்லாமல், கீழே உட்கார்ந்து நகத்தாலேயே உரிக்க ஆரம்பித்தேன். உங்கள் அம்மா சுண்டல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். திரும்பிப் போவாள் என்று பார்த்தால், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளும் உரித்தாள். அந்தச் சுண்டலின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பொழுது சாயும்போது தாத்தா வெளியே வந்தார். குவிந்து கிடந்த பத்தைகளில் ஒன்றை எடுத்து அதன் கனத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். உடைந்த விளிம்பில் கோடு கோடாக மூன்று அடுக்கு தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார்.

"யக்கா, இத்தப் பாரு. துரு புடிக்கக் கூடாதுன்னு இரும்புக்கே மூணு சட்ட போட்டு வுட்டுருக்கான். எம்பொண்ண வுட்டுடுவானா?"

பிறகு என் பக்கம் திரும்பி, "கைய கயுவிட்டு சாப்புட வாங்க மாப்ள" என்றார்.

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஸ்பேனரை எடுத்து, ஒயர் சேரும் இடத்தைச் சுரண்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை மறுபடி பிரித்து, குமார் அண்ணன் மிச்சமிருந்த கோட்டிங்கையும் சுரண்டிச் சுத்தம் செய்து ஒரே ஒரு கோட்டிங் அடித்துக் கொடுத்தார். என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. அந்த ஒன்று இன்றைக்கும் மங்காமல் இருக்கிறது. அவருக்கும், திட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்த அந்த மெக்கானிக்குக்கும், எல்லாருக்கும் மேலாக உங்கள் தாத்தாவுக்கும் நான் பட்ட கடன் பெரிது. என் முட்டாள்தனத்தைக் கையில் எடுத்து, அதற்குள் இருந்த நல்லதைப் பார்த்தவர் அவர்.

உங்கள் மாமாதான் இன்னும் மாறவில்லை. நம் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவன் தன் புது பைக்கை ஹாலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறானே, அது திருடனுக்குப் பயந்து இல்லை.