பல் டாக்டர் காட்டிய மலைக்காட்சி

மயிலாப்பூரில் பல் வலி வந்தவன் மலை ஏறாமல் தப்பியதாகச் சரித்திரமே இல்லை. அதற்குக் காரணம் எங்கள் பல் டாக்டர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வாசல் பலகையிலும் எழுதியிருந்தது. ஆனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவன் பலகையைப் படிப்பதில்லை. அதனால் அவர் கடைசிவரை வெறும் பல் டாக்டராகவே இருந்தார்.

கோயில் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் அவருடைய கிளினிக். பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. மனைவி இல்லை, மக்கள் இல்லை. மலை மட்டும் இருந்தது. கடல் மட்டத்தோடு ஒட்டினாற்போலத் தட்டையாகக் கிடக்கும் சென்னையில் ஒரு மனிதருக்கு மலைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆள் சேர்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. நோயாளியின் இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைப்பார். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் கொக்கி. அதற்குப் பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

"ஐப்பசி மாசம் ஏலகிரி போறோம். நீயும் வரயோன்னோ?"

"ஆ... ஆ... ஆ..."

"பேஷ்! முனுசாமி, இவனும் வரானாம்" என்பார் கம்பவுண்டர் பக்கம் திரும்பி.

நான் அப்படித்தான் சேர்ந்தேன். வயது இருபத்தைந்து, தி.நகரில் வங்கி உத்தியோகம். கடவாய்ப் பல்லில் சொத்தை. என் நண்பன் மூர்த்தி கோபாலபுரத்திலிருந்து எனக்குத் துணையாக வந்தவன். அவனையும் "வந்ததுதான் வந்தே, வாயைத் திற" என்று உட்காரவைத்துச் சேர்த்துவிட்டார். எங்கள் மலைக் குழுவில் இருந்த அத்தனை பேரின் பல்லையும் அவர்தான் அடைத்திருந்தார். பாதையில் நாங்கள் வரிசையாக இளித்துக்கொண்டு நின்றால் ஒரே கைவேலை தெரியும்.

மலைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே பயிற்சி தொடங்கிவிடும். விடியற்காலையில் ஆளுக்கு ஒரு பை, பைக்குள் செங்கல். அதைச் சுமந்துகொண்டு அடையாறு கடற்கரை மணலில் நடக்க வேண்டும். ஒரு நாள் அப்படிப் போகும்போது, பாதி கட்டிய ஒரு பங்களாவுக்கு எதிரே போலீஸ்காரர் ஒருவர் எங்களை மடக்கினார்.

"பையில இன்னா?"

"செங்கல்" என்றார் டாக்டர் பெருமையாக.

"எங்க எத்துனு போறீங்க?"

"மலைக்கு."

போலீஸ்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வேட்டி, பூணூல், மூக்குக்கண்ணாடி, செங்கல். "காலங்காத்தால தமாஸ் பண்றியா நீ? ஸ்டேசனுக்கு நட!" என்று கத்தினார். கத்த வாயைத் திறந்ததுதான் அவர் செய்த பிழை. டாக்டர் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார்.

"கீழ் வரிசையில ரெண்டு போயிடுத்தே! ராத்திரியெல்லாம் வலிக்குமே?"

"ஆமா சார்" என்றார் போலீஸ்காரர், குரல் இறங்கி.

அந்த ஐப்பசியில் அவரும் எங்களோடு ஏலகிரிக்கு வந்தார்.

ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினால் மலைக்கு பஸ் ரோடு இருந்தது. டாக்டருக்கு அது இருப்பதே பிடிக்காது. காட்டுக்குள் போகும் பழைய ஒற்றையடிப் பாதையில்தான் ஏறுவார். வாயில் ஆளுக்கொரு கிராம்பு. இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், "ரெண்டே வளைவு" என்பார். கம்பவுண்டர் முனுசாமி சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் புலம்பியபடி வருவான். "ரெண்டு வளவு ரெண்டு வளவுன்னே மூணு மணி நேரமா இஸ்துகினு போறாரு நைனா!"

மேலே போனதும் குன்றின் உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் நின்றால் உலகமே தெரியும் என்று டாக்டர் சொல்வார். எங்களுக்கு ஒரு நாளும் எதுவும் தெரிந்ததில்லை. மழைக்காலத்தில்தான் காடு காடாக இருக்கும், வெயிலில் ஏறுகிறவன் முட்டாள் என்பது அவர் கொள்கை. அதனால் நாங்கள் போனபோதெல்லாம் உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் காது கூடத் தெரியாது. டாக்டர் அதற்கெல்லாம் அசரமாட்டார். பாறையின் நடுவில் நின்று கையை நீட்டுவார்.

"அதோ பார், இடது கைப் பக்கம், ஜோலார்பேட்டை ஸ்டேஷன். ஒரு கூட்ஸ் வண்டி நிக்கறது."

"எத்தினி பெட்டி சார்?" என்பான் முனுசாமி.

"அசடே, அதையெல்லாமா எண்ணிண்டு நிப்பா?"

நாங்களும் வெண்மைக்குள் உற்றுப் பார்த்து, "ஆமாம் டாக்டர், புகைகூடத் தெரிகிறது" என்போம். அவர் முகம் அப்போது எப்படி மலரும் என்பதைப் பார்க்கத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் ஏறினோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவன். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்க அந்தப் படிப்பு உதவும். ஒரு வருடம், மாசி மாதத்தில் ஏறலாம், வானம் தெளிவாக இருக்கும் என்று நான் சொன்னேன். "வெயில்லயா? போடா!" என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மூர்த்தியையும் மற்றவர்களையும் தனித்தனியே பார்த்துப் பேசினேன். அவருக்கு வயதாகிவிட்டது, அவருக்காக எல்லோரும் மெதுவாக ஏறவேண்டியிருக்கிறது, ஒரு தடவையாவது மலையைக் கண்ணால் பார்க்க வேண்டாமா என்றேன். எனக்கு வேண்டியது காட்சி அல்ல. முன்னால் நடக்கும் இடம். டாக்டரிடம் போய், யாருக்கும் லீவு கிடைக்கவில்லை, இந்த வருடம் பயணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம் என்று சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கொக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாசியில் போனோம். பாறையில் ஏறி நின்றோம். வானத்தில் துணுக்கு மேகம் இல்லை. பலாத் தோப்புகள், ஓட்டு வீடுகள், ஏரி, அதற்கும் கீழே சமவெளியில் தண்டவாளங்கள், எல்லாம் தெரிந்தன. ஸ்டேஷனும் தெரிந்தது. வலது கைப் பக்கம். டாக்டர் இத்தனை வருடம் கைநீட்டிக் காட்டிய இடத்தில் முள்காடும் ஒரு கல்லுடைக்கும் குழியும்தான் இருந்தன.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "கூட்ஸ் வண்டி நிக்கறதுடா!" என்று மூர்த்தி குழியைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு கல்போன்ற ஒரு சீடையைக் கடித்தான். டாக்டர் கட்டிய பல் இரண்டாகப் பிளந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

மூர்த்தி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் டாக்டரிடமே போனான். "எங்கடா ஒடைச்சுண்டே?" என்று அவர் கேட்ட மாத்திரத்தில், பயந்த சுபாவக்காரன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஸ்டேஷன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவன்.

அதோடு குழு கலைந்தது. அவரவர் சொத்தைப் பல்லோடு அவரவர் பேட்டையில் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பல் ஆட்டம் கண்டது. கிராம்புத் தைலம், உப்பு நீர் என்று மாதக்கணக்கில் தள்ளினேன். கடைசியில் கன்னம் பலாப்பழமாக வீங்கிய பிறகு அந்த மாடிப்படியில் ஏறினேன்.

முனுசாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வா சார். டாக்டரு இப்பல்லாம் வாயே தொறக்கறதில்ல. வர்றவங்கதான் தொறக்கறாங்க."

டாக்டர் என் கன்னத்தில் பஞ்சை அடைத்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். ஊசி போட்டார், பல்லைப் பிடுங்கினார், தட்டில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"அன்னிக்கு மேல தெரிஞ்சுதா?"

எனக்கு வாய் மரத்துப்போயிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மேகம் மூடியிருந்தது என்று கையால் சைகை காட்டினேன்.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "அதானே! நான் சொல்லலை? எந்த மாசமானா என்ன, அங்க மேகம்தான். பரவாயில்லை. ஸ்டேஷன் எங்க இருக்குன்னு நினைவிருக்கோன்னோ?"

நான் இடது கையை நீட்டினேன்.

"பேஷ்" என்றார்.

அவருக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

சில வாரம் கழித்து அவர் என் வங்கிக்கே வந்துவிட்டார். வெயிலில் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு நடந்தே வந்திருந்தார். கவுன்ட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மெதுவான குரலில், "வர மாசி ஏலகிரி போலாமாடா?" என்றார்.

"மாசியா? வெயில்ல ஏறறவன் முட்டாள்னு சொல்வேளே டாக்டர்?"

"முட்டாளாத்தான் இருந்துட்டுப் போறேன். நீ ஆசைப்பட்டே. ரெண்டு பேர் மட்டும் போலாம். மத்தவாளெல்லாம் வேண்டாம். நீ முன்னால நட, நான் பின்னால வரேன்."

மாசியில் அந்தப் பாறைமேல் மேகம் இருக்காது. ஸ்டேஷன் வலது கைப் பக்கம் தெரியும். பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பார். என் தலைக்குள் ஓடியது அவ்வளவுதான்.

"லீவு கிடைக்காது டாக்டர்" என்றேன்.

"அடுத்த வருஷம்?"

"பார்க்கலாம்."

அவர் கம்பியை இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போனார். பிறகு கேட்கவே இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் கண் மங்கி, கிளினிக்கை மூடிவிட்டு, ஆதம்பாக்கத்தில் தங்கை வீட்டோடு போனார். நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் காலமான செய்தியை முனுசாமிதான் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னான். "நான் கூட இட்னு போறேன்னு சொன்னேன் சார். 'அந்தப் பையனுக்கு லீவு கெடைக்கட்டும்டா, அவனோட போறேன்'னு சொல்லிகினே இருந்தாரு."

இப்போது எனக்கு வருடம் முழுக்க லீவுதான், டாக்டர்.