வஜ்ரபாகுவின் வாரிசு விண்ணப்பம்

மனிதகுலம் அவ்வப்போது பெரிய கேள்விகளைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. கேளம்பாக்கத்தில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கும் சுஹைப் சந்தித்த கேள்வி, 'ஒன்றா, இரண்டா?' என்பது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சமாசாரம் என்று நீங்கள் நினைத்தால் தப்பு உங்களுடையது. இது ஆன்லைன் விளையாட்டுச் சமாசாரம்.

'ஆழிப்போர்' என்று ஒரு கடல் சண்டை விளையாட்டு. அதில் சுஹைப்புக்கு வஜ்ரபாகு என்று பெயர். "இன்னா பாய், தலையணை கல்லு மாதிரி கீது?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அதே சுஹைப், கல்லாவுக்குப் பின்னால் குனிந்து போனைத் திறந்தால் ஏழு தீவுகளின் தளபதி. கடலில் இறங்கினால் சுறா வழிவிடும். கல்யாணமாகி, மகள் பிறந்து, கடை இடம் மாறிய காலத்தில்கூட ஒரு நாள் தவறாமல் உழைத்து வாங்கிய பட்டம் அது. ப்ளஸ் டூவுக்குக்கூட அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் 'ஆழிப்போர் இரண்டு' விட்டார்கள். அவ்வளவுதான், ஊரே இரண்டுக்கு ஓடிவிட்டது. இரண்டில் தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரியே பளபளக்கிறதாம். ஐயா, கோவளத்துக்கு பஸ் ஏறினால் நிஜத் தண்ணீரே கிடைக்குமே! அதை இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

நண்பன் ஸ்டான்லி ஒருநாள் கடைக்கு வந்து, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தையில் செருப்போடு மல்லாந்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. விளையாட்டில் வஜ்ரபாகுவின் வாளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் உத்தியோகம்.

"இன்னா மச்சான், இன்னும் அந்தப் பழைய கடல்லயே குந்திகினு கீற? அங்க ஒரு காக்காகூட இல்லடா. ரெண்டுக்கு வா."

"ரெண்டுக்கு வந்தா ஒண்ணாம் லெவல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாமே?"

"எல்லாரும் அப்டித்தான். நான் இப்போ அங்க பெரிய ஆளு. இத்தினி வருசம் உன் கத்திய நான் தூக்கினேன்ல, இப்போ என் கத்திய நீ தூக்கு."

சுஹைப்புக்கு அழுகையே வந்துவிட்டது. தனியாக எத்தனை நாள் சுறா அடிப்பது? அதற்காக ஸ்டான்லிக்குக் கத்தி தூக்குவதா? "வந்தா தளபதியாத்தான் வருவேன். போடா, மெத்தைய விட்டு எழுந்துரு மொதல்ல" என்றான்.

அதற்கும் வழி இருந்தது. இரண்டின் கதை ஒன்றுக்கு இருநூறு வருஷம் கழித்து நடக்கிறது. ஆகவே, 'பட்டம் பெற்ற மூத்த வீரர்களின் சிறப்புரிமைகள் அன்னாரின் வாரிசுகளுக்கு மாற்றித் தரப்படும். உரிய ஆதாரங்களுடன் நேரில் வரவும்' என்று கம்பெனி அறிவித்தது. விளையாட்டு ஆன்லைனில், வரிசை மட்டும் நேரில். இந்தப் பக்கத்து ஜனங்கள் முத்திரை குத்தாத எதையும் நம்பமாட்டார்கள் என்று ஏதோ ஆய்வு சொன்னதாம். அதனால் கேளம்பாக்கத்திலேயே ஒரு மாடியைப் பிடித்து, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் தமிழ்வாணனை உட்காரவைத்திருந்தார்கள். பதவியின் பெயர், வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்.

மகிழ்ச்சி அலுவலர் சுஹைப்பை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "மேற்படி வஜ்ரபாகு உங்களுக்கு என்ன முறை?"

"அது நான்தான் சார்."

"அப்ப வாரிசு யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சரி, அவர் எப்பத் தவறினார்?"

"தவறலையே சார். காலைலகூட ஒரு சுறாவ அடிச்சாரு."

தமிழ்வாணன் இப்போதுதான் நிமிர்ந்தார். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு வாரிசுன்னு வந்து நிக்கறீங்களே, மனசு உறுத்தலையா?"

சுஹைப்புக்கு நிஜமாகவே கொஞ்சம் உறுத்தியது. "இப்ப இன்னா சார் பண்ணணும்?"

"அவர் காலமாகணும். அது பதிவாகணும். நாங்க யாரையும் அவசரப்படுத்தறதில்ல. அப்புறம், அவரோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ரெண்டு காதும் தெரியணும்."

"தலைக்கவசத்தக் கழட்ட முடியாது சார். ஒரு சூனியக்காரி சாபம்."

"சாபத்துக்கு ஒரு அத்தாட்சி வாங்கி இணைச்சுடுங்க."

சாவது லேசில்லை. தளபதியைக் கண்டதும் சுறாக்கள் ஓடிவிட்டன. கடைசியில் மார்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு, கரையில் ஒரு நண்டுக்கு முன்னால் படுத்துக்கொண்டான். அந்தச் சின்ன நண்டு காலையில் குத்த ஆரம்பித்து, கடையில் இரண்டு கட்டில் மெத்தை வியாபாரம் முடிகிறவரை குத்தி, ஒருவழியாக வஜ்ரபாகுவின் உயிரை எடுத்தது. சுஹைப் பழக்க தோஷத்தில் 'மீண்டும் எழு' பொத்தானை அமுக்கித் தொலைத்தான்.

"செத்ததும் எழுந்து உட்கார்ந்தா அதுக்குப் பேர் மயக்கம்" என்றார் தமிழ்வாணன். "ஆணை வர்ற வரைக்கும் பிணம் பிணமாக் கிடக்கணும்."

மறுபடி நண்டு, மறுபடி சாவு. இந்தமுறை பொத்தானைத் தொடவில்லை. கல்லாமேல் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, தன் சடலத்தைத் தானே காவல் காத்தான்.

அவர்கள் கூட்டத்து வைத்தியச்சி ரெஜினா, நிஜத்தில் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, ஒன்றில் விட்டுவந்த மூலிகைப் பெட்டியை எடுக்க வந்தவள் பிணத்தைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, சுஹைப் அண்ணா போயிட்டாரு!" என்று எல்லாக் குழுவிலும் செய்தி போட்டாள். சாகிறவரை எட்டிப் பார்க்காத கூட்டம் செத்ததும் திரண்டு வந்தது. விளையாட்டுக்குள்ளேயே 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் எழுந்தது. போனில் ஓலமான ஓலம்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அர்வா பதறிப்போனாள். "யாருங்க மௌத்தாயிட்டாங்க?"

"நான்தான்."

அவள் டிபன் பாக்ஸைப் பார்த்தாள். "சோறு ஆறுது. சாப்டுட்டு மௌத்தாவுங்க."

வந்தவர்கள் சாவு மேளம் அடித்து ஆடினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று நாலு சுறா அடித்தார்கள். "இங்கயே நல்லாத்தானே மச்சான் கீது? அங்க போயி போன் சூடானதுதான் மிச்சம்" என்றான் ஸ்டான்லி. அத்தனை பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வாரமே 'பழசுதான் கெத்து' என்பது ஃபேஷனாகி, இரண்டில் ஈயாடியது. தளபதி மட்டும் மணலில் வாயைப் பிளந்தபடி கிடந்தார். எழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி! சுஹைப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் அவர்கள் கூட்டம் போட்டார்கள். தளபதி பதவி காலியாக இருப்பதால் ஸ்டான்லி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அடக்கமாகக் கும்பிட்டுவிட்டு, பிணத்தின் இடுப்பிலிருந்து வாளை உருவக் குனிந்தான்.

"டேய்! வைடா கைய!" என்று கடையே அதிரக் கத்தி, சுஹைப் பொத்தானை அமுக்கினான்.

வஜ்ரபாகு எழுந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சுஹைப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடி திரையில் ஒரு வாசகம்: 'வருந்துகிறோம். வஜ்ரபாகு காலமாகிவிட்டார். தாங்கள் யார்?'

ஆணை அன்று காலையில்தான் கையெழுத்தாகியிருந்தது.

மாடிக்கு ஓடினான். "சார், மனுவ வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு என் பழைய ஆளே போதும்."

"அவர் இறப்புப் பதிவை ரத்து பண்ண அவரே நேர்ல வரணும்."

"நான்தான் சார் நேர்ல வந்து நிக்கறேன்!"

"நீங்க வாரிசு" என்றார் தமிழ்வாணன் பொறுமையாக. "ஒண்ணு பண்ணுங்க. அவர் உயிரோட இருக்கார்னு உயிர்வாழ் சான்றுக்கு விண்ணப்பம் போடுங்க. என் கையெழுத்து ஒண்ணு போதும். வரிசையில வாங்க."

வரிசை மாடிப்படி இறங்கித் தெருவரை நின்றது. எல்லாம் செத்துப்போன தளபதிகள். இவர்கள் சலிக்காமல் தினமும் வந்து நிற்பதைக் கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள், ஆய்வு செய்தார்கள், அடுத்த மாதமே 'ஆழிப்போர் மூன்று: அலுவலகம்' வெளியிட்டார்கள். அதில் கடல் கிடையாது, வாள் கிடையாது. மனுதாரராக ஆரம்பிக்க வேண்டும். டோக்கன் வாங்கி, கவுண்டர் கவுண்டராக நின்று, உதவியாளராகி, எழுத்தராகி, முன்னேறினால் அதிகாரி. அடேயப்பா, என்ன வரவேற்பு! ஒன்றும் காலி, இரண்டும் காலி. நிஜ வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து போனில் இன்னொரு வரிசையில் நின்றார்கள். சுஹைப்புக்கு நேரடிப் பயிற்சி இருந்ததால் சடசடவென்று ஏறி, மூன்றாவது கவுண்டரில் அதிகாரியாகவே உட்கார்ந்துவிட்டான்.

ஒருவழியாக நிஜத்தில் அவன் முறை வந்தது. தமிழ்வாணன் தாளைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவர், பெருமூச்சு விட்டார்.

"தம்பி, நீங்க அந்த மூணு ஆடறதுண்டா?"

"ஆடுவேன் சார்."

"ஊரே ஆடுதேன்னு நானும் இறங்கினேன். ஒரு வரி ரசீதுக்கு மூணாவது கவுண்டர்ல நிக்கறேன், நிக்கறேன், அப்படி நிக்கறேன். கால் கடுக்குதுப்பா. அந்த ஆபீசர் தலையத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டேங்கிறான். அவனெல்லாம் மனுஷ ஜென்மமா?"

சுஹைப் மெல்லப் போனைத் திறந்தான். அவன் கவுண்டருக்கு முன்னால் நரைத்த தலையோடு ஒரு மனுதாரர் நின்றிருந்தார். தாள்கள் அத்தனையும் ஒழுங்கு. முத்திரைமேல் ஒரு விரல் பட்டால் போதும், அவருக்கு ரசீது. மறுநிமிஷம் வஜ்ரபாகுவுக்கு உயிர்.

விரலைக் கொண்டுபோனான். திரையில் கண்ணாடி போட்ட மேஜை, தலைக்குமேல் சுற்றும் ஃபேன், அந்தப் பக்கம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு எத்தனை பேர்! ஏழு தீவுகளை ஆண்டபோதுகூட யாரும் அவனை இப்படிப் பார்த்ததில்லை. அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. விரல் தானாக வேறு பொத்தானுக்குப் போனது.

'நாளை வரவும்.'

தமிழ்வாணனின் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. சுஹைப்பின் தாளை எடுத்துக் கட்டுக்கு அடியில் செருகினார்.

"மனசே சரியில்ல தம்பி. நாளைக்கு வாங்க."

பின்னால் வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவரவர் போனில் அவரவருக்கு ஒரு கவுண்டர் இருந்தது. அங்கேயும் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.