காலி மனைக்குச் சொந்தக்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். உன் மருமகன் ஆபீஸுக்குப் போயிருக்கிறான். என் பிள்ளையைப் போல ஒரு பிள்ளை நம் வம்சத்தில் இல்லை என்பது உனக்கே தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் காலி மனையைப் புரோக்கர் உனக்குப் படத்தில் காட்டினானாம், நீயும் அப்பா கட்டிய வீட்டை விற்று அதை வாங்கப் போகிறாயாம், அதற்குள் அது யாருடையது என்று நான் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். வெளிநாட்டில் மனை வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் கோபப்படுவாய், கேட்கவில்லை. முதலில் என் பிள்ளையிடம்தான் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "அந்தப் பக்கமே போகாதீங்கம்மா, பாம்பு இருக்கு" என்றான். என் மேல் அவ்வளவு கரிசனம். ஆனால் வீட்டை விற்றே தீருவேன் என்று நீ ஒற்றைக் காலில் நிற்கும்போது பாம்புக்குப் பயந்தால் ஆகுமா? பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் குடையோடு கிளம்பினேன். முன்பக்கம் தகர வேலி, உள்ளே ஆள் உயரப் புல், வேலியில் ஒரு பலகை. பலகையில் பெரிதாக எழுதியிருப்பது சொந்தக்காரர் பெயராகத்தானே இருக்கும்? இந்த ஊர் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை என் கையெழுத்தைத்தான் வாத்தியார் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார், நீ மறந்திருக்கமாட்டாய். ஓர் எழுத்து விடாமல் அப்படியே வரைந்து, நகராட்சி ஆபீஸுக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் என்னவோ கேட்டாள். வீட்டு விலாசத்தைக் காட்டினேன். மறுநாள் ஒரு லாரி வந்து, வாசலில் வெயிலுக்குப் போட்டிருந்த சோபாவையும் செருப்பு அலமாரியையும், உள்ளே இருந்த செருப்போடு, அள்ளிக்கொண்டு போய்விட்டது. மருமகள் என் தாளை வாங்கிப் படித்தாள். "அத்தை, 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்'னு எழுதியிருக்கு!" உன் அத்தானோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளிடம் வந்து சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. வீட்டில் உட்கார இடமும் இல்லை, பேச ஆளும் இல்லை. பகல் முழுவதும் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் முணுமுணுக்கிறது.

கடைசியில் மனைக்குப் பக்கத்துத் தெருமுனையில் இருக்கும் தையல்கடைக்காரிதான் வழி காட்டினாள். அவளுக்கு நம் பாஷை தெரியும், அவள் கடைப் பின்ஜன்னலைத் திறந்தால் அந்த மனைதான். "சொந்தக்காரரைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். "உங்க சொந்தக்காரரா? அவர்தான் தினமும் வர்றாரேம்மா! காலையில பின்பக்கமா காரைக் கொண்டாந்து நிறுத்திட்டு, பொழுது சாயறவரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருப்பாரு, பாவம்" என்றாள். அவ்வளவு நிலம் வைத்திருப்பவன் என்ன பாவம்? சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவாராம், டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிடுவாராம், மறுபடியும் தூங்குவாராம். பார் தம்பி, இது வாழ்க்கை. என் பிள்ளையோ விடிந்ததும் டை கட்டிக்கொண்டு ஓடுகிறான், இருட்டியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறான். உழைப்பவனுக்கு முதுகுவலி, உட்கார்ந்திருப்பவனுக்கு நிலம். என்ன உலகமோ.

ஆக, மனைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், வசதியானவர், வேலைவெட்டி இல்லாதவர். நீ தைரியமாக வீட்டை விற்கலாம்.

உன் மனைவிக்கு முழங்கால் வலி தேவலையா? உன் பிள்ளைகள் என் பிள்ளையைப் போலவே வர வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஆளை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று மனையின் பின்பக்கமாகப் போனேன். பாம்பு இல்லை. கார் இருந்தது. அவன் மடியில் இருந்த டிபன்பாக்ஸ் எனக்குத் தெரியும், மூடி நிற்கவில்லை என்று காலையில் நான்தான் ரப்பர் பேண்டு மாட்டினேன். கண்ணாடியைத் தட்டினேன். விழித்துப் பார்த்து, "அம்மா" என்றான். அப்புறம் கண்ணாடியை இறக்கி, "ஆபீஸை மூடி மாசக்கணக்காச்சும்மா. அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தான். என்னைத் துணி தைக்க அழைத்துப் போனவன் அவன்தானே, தையல்காரிக்கு ஆள் தெரியாதா? அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சொந்தக்காரர்தான். எனக்கு.

மனை யாருடையது என்று இன்னும் தெரியவில்லை, இனிமேல் தெரியவும் வேண்டாம். புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிடு. வீட்டை விற்காதே. மாடி அறையில் அடைத்து வைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கி, ஒட்டடை அடித்து, ஜன்னலுக்குக் கொக்கி மாட்டி வை. எதற்கு என்று உன் மனைவி கேட்டால், அக்காவுக்கு வெளிநாடு ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று சொல். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஆசீர்வாதத்தை மட்டும் அடிக்காதே.