கும்மாளத்தில் ஒரு பூனை

"ஹலோ, கடைத் திறப்பு எத்தனை மணிக்குங்க?"

"கடை இல்லைங்க. பூனையைக் காணோம்."

"சரிங்க, பூனைக் கடைதான். எத்தனை மணிக்கு?"

காலையிலிருந்து இது ஒன்பதாவது அழைப்பு. எழுத்துக்காரர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தாம் தயாரித்த அறிவிப்பை மறுபடியும் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கணினிக்கு எழுத்துரு வரைவது அவர் தொழில். இரண்டு வருடம் உழைத்து, 'கும்மாளம்' என்று ஒன்றை உருவாக்கியிருந்தார். எல்லாம் கொழுகொழு எழுத்துகள். 'ண'வின் சுழிகள், ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்த மூன்று மாமாக்களைப் போல இருக்கும். புள்ளிகள் ஒழுங்காக நிற்காமல் பந்துபோலத் துள்ளிப் பக்கத்து எழுத்தின் தோளில் இடிக்கும். வாங்குவதாகச் சொன்ன நிறுவனம், 'இதில் அச்சிட்டால் விஷயத்தை யாரும் நம்பமாட்டார்கள்' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து ஏழு மாதமாக, சாமான் கொண்டுவருகிறவருக்கு மட்டுமே அவர் வீட்டுக் கதவு திறந்தது.

திங்கட்கிழமை எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அந்தக் கதவைத் தட்டினார். 'பாபின்' என்ற அவருடைய பூனை ஜன்னல் வழியே குதித்துப் போய்விட்டதாம்.

"மிஷின் சத்தத்துக்கு நடுவுல எனக்குப் பேச்சுத்துணை அது ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

எழுத்துக்காரரால் தாங்க முடியவில்லை. அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது கும்மாளம் மட்டும்தான். 'காணவில்லை' என்று அதில் பெரிதாகப் போட்டு, பூனையின் படத்தையும் தம் போன் எண்ணையும் சேர்த்து, ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்துத் தம் கையாலேயே தெருவெங்கும் ஒட்டினார். அதன் பலன்தான் இந்தக் கடைத் திறப்பு.

சரி, எதைக் காணவில்லை என்பது பளிச்சென்று தெரியட்டும் என்று 'பூனை' என்ற சொல்லை இன்னும் பெரிதாக்கினார். மறுநாள் ஒரு அம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்தாங்க, ரெண்டு குட்டி. நீங்க பூனை சேக்குறீங்களாமே?"

"சேக்கலைங்க, தேடுறேன்."

"அதான் தேடாமலே வந்திருச்சே!" என்று கூடையை வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

மூன்றாவது அறிவிப்பில், 'இது விளம்பரம் அல்ல' என்று ஒரு வரி சேர்த்தார். அதையும் கும்மாளத்திலேயே போட்டார்.

"சார், படம் எப்ப ரிலீஸ்?" என்று போனில் கேட்டது ஒரு குரல். "போஸ்டரே இப்படின்னா, படத்துல சிரிச்சே செத்துருவோம் போல!"

அதற்குள் தெருவில் ஒட்டியவை மறையத் தொடங்கின. இரண்டாவது தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் போனில் வந்தார்.

"கிழிச்சது எங்க பிள்ளைங்கதான், மன்னிச்சுக்குங்க. வகுப்புச் சுவர்ல ஒட்டியிருக்கோம். இன்னும் இருபது கிடைக்குமா?"

"பூனையைப் பார்த்தீங்களா டீச்சர்?"

"பூனையா? எல்லாரும் எழுத்தைத்தான் பார்த்தோம்."

கூடையிலிருந்த குட்டிகள் எழுத்துக்காரரின் விசைப்பலகையில் படுத்திருந்தன. அவற்றை நகர்த்திவிட்டு, அவர் எதிர்வீட்டுக்குப் போனார். அக்கா கதவைக் கால்வாசி மட்டும் திறந்தார்.

"இன்னும் கிடைக்கல அக்கா."

"பரவாயில்ல தம்பி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டிப் பார்த்தீங்களா? அங்கே நல்லாக் காத்தும் வரும்."

"காத்தா?"

"இல்ல... பூனைக்குக் காத்துன்னா பிடிக்கும்." அக்கா துணித்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எப்படி அழுகையை அடக்குகிறார் பாவம் என்று எழுத்துக்காரருக்கு நெஞ்சு கனத்தது.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வழியில் பொம்மைக் கடைக்காரர் நிறுத்தி, "இந்த எழுத்து யாரு போட்டது? எங்க கடைப் பலகைக்கும் வேணுமே" என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அறிவிப்பைப் படித்துச் சிரித்து, அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். பூனையைப் பற்றி மட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். அந்த நிறுவனம் சொன்னது சரிதானோ? சிரிக்கிற எழுத்தில் ஒருவர் துக்கத்தை எழுதினால் யார் நம்புவார்கள்? தம் எழுத்து பெரிதா, ஒரு மனுஷியின் துணை பெரிதா? இப்படி ஒரு கேள்வி எழுந்துவிட்டால் நல்ல மனிதருக்கு விடை தெரியாமல் போவதில்லை. கடவுளே பக்கத்தில் வந்து அமர்ந்து சொல்லிக் கொடுப்பார்.

வீட்டுக்குத் திரும்பியதும், கணினியோடு வரும் ஒல்லிப்பிச்சான் எழுத்தில் அறிவிப்பை மாற்றினார். துள்ளல் இல்லை, தொப்பை இல்லை. வரிசையில் நிற்கும் குமாஸ்தாக்களைப் போல எழுத்துகள் விறைத்து நின்றன. அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"இதுல நூறு காப்பி போடுங்கண்ணே. இனிமே கும்மாளம் வேண்டாம்."

ஜெராக்ஸ்காரர் தாளைப் பார்த்தார். எழுத்துக்காரர் முகத்தைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் மூடியை மெல்லச் சாத்தினார்.

"பூனை தொலைஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்திருச்சு தம்பி, அடைஞ்சு கிடந்த நீங்க தெருத்தெருவா நடக்குறதைப் பார்த்துட்டு, அக்காதான் அதை வெளிய விடாம ஒளிச்சு வெச்சிருக்காங்க."